டிரையர்க்காரரின் இருநூறு டிகிரி

தெஹிவளை
2025 மே 4

அண்ணன் யேசுரட்ணம் அவர்களுக்கு,

தங்கச்சி பவுலின் எழுதுவது. சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள், அதற்குப் பதில் எழுத இந்தத் தாள் போதாது. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் வாசித்து முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நான் சமைக்கிற வீட்டு நோனா கந்தப்பளையில் ஒரு பழைய துரை பங்களாவை வாங்கியிருக்கிறார். வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்குகிற இடமாக்கப் போகிறார். அங்கே நிரந்தரமாக ஒரு சமையல் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள வீடு உண்டு. குடும்பத்தோடு இருக்கலாம். அண்ணா, குடும்பத்தோடு. தனுஜாவுக்கு இப்போது பதினாலு வயது. எட்டு வயதிலிருந்து ஹட்டனில் சிஸ்டர்மாரின் விடுதியில்தான் வளர்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறேன். போன மாதம் அவளுக்குச் சட்டை வாங்கக் கடைக்குப் போனேன். அளவு கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் அளவு தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 15ஆம் திகதி அந்த பங்களாவில் முதல் விருந்து. எட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஸ்டேக் செய்து வைக்க வேண்டும். மாட்டிறைச்சியில் அண்டர்கட் என்கிற நல்ல பாகத்தை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, உப்பும் மிளகும் மட்டும் போட்டு, ஓவனில் வேகவைப்பது. குழம்பு இல்லை, தூள் இல்லை, ஒளிய இடமில்லை. அது சரியாக வந்தால் வேலை எனக்கு. வராவிட்டால் ஹோட்டல் ஸ்கூலில் படித்த ஒருவர் தயாராக இருக்கிறார் என்று நோனா சொல்லிவிட்டார்.

மூன்று தரம் செய்து பார்த்தேன். முதல் தரம் வெளியே கரி, உள்ளே பச்சை. இரண்டாம் தரம் முழுக்கச் சாம்பல் நிறம். மூன்றாம் தரம் நோனாவின் புருஷன் மென்றுகொண்டே என்னைப் பாவமாகப் பார்த்தார். யூடியூப்பில் ஆளுக்கொரு டிகிரி சொல்கிறார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து அனலை அறிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். முப்பத்தொரு வருஷமாகத் தேயிலை பெக்டரியில் டிரையருக்கு முன்னால் நிற்கிறீர்கள்.

நம் வீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. சூட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

பவுலின்


நோர்வூட்
2025 மே 14

பவுலினுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பொக்கெட்டிலேயே வைத்திருந்தேன். உன் அண்ணி டெல்சிதான், "தங்கச்சி கேட்டு எழுதிருக்கா, நீங்க பாட்டுக்கு மடிச்சு வச்சிக்கிட்டுத் திரியிறீங்க" என்று ஏசினாள்.

நான் சமையல்காரன் இல்லை. சுடுதண்ணி வைத்தாலும் டெல்சி வந்து பார்ப்பாள். ஆனால் சூடு என்று கேட்டிருக்கிறாய். டிரையரில் அரைத்த ஈரக் கொழுந்து ஒரு பக்கத்தால் போகும். இருபது நிமிஷத்தில் கறுத்த தூளாக மறுபக்கத்தால் விழும். உள்ளே போகிற காற்றின் சூடு இருநூறு. அதைத் தாண்டினால் கருகல் வாசம் வந்துவிடும், குறைந்தால் தூள் அவிந்துபோகும். முள் இருநூறில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதைப் பார்த்தே என் தலை நரைத்தது.

எழுதினால் மட்டும் போதாது, செய்து பார்ப்போம் என்று டெல்சி சொன்னாள். அவள் இப்போது பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறாள், வீட்டில் ஒரு சின்ன ஓவன் இருக்கிறது. வெசாக் பண்டிகைக்கு இறைச்சிக் கடைகள் பூட்டுவதற்கு முந்தி ஹட்டனுக்குப் போய் இரண்டு துண்டு வாங்கினேன். கடைக்கார முஸ்லிம் நானா சிரித்தார். "என்னா யேசு அண்ணே, எப்பவும் குழம்புக்குத்தானே கேப்பீங்க, இன்னைக்கு அண்டர்கட்டு?"

ஓவனை இருநூறில் வைத்தேன். இருபது நிமிஷம். எடுத்து வெட்டினேன், உள்ளே ஈரம். நான் ஈரத்தைக் கண்டால் விடமாட்டேன். ஈரம் மிஞ்சிய தூளை வெளியே விட்டால் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் என் தோலை உரிப்பார். திரும்ப வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து எடுத்தேன், இன்னும் கொஞ்சம் ஈரம். திரும்ப வைத்தேன். மூன்றாவது தரம் எடுத்தபோது ஈரம் என்ற பேச்சே இல்லை. எனக்குத் திருப்தி. டெல்சி ஒரு துண்டை வாயில் போட்டாள், கொஞ்ச நேரம் மென்றாள், எழுந்து வெளியே போனாள். பூனை மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தது.

ஆகவே எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை. நேரமா, இறைச்சியா, நீ எழுது.

வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் உன்னைத் துரத்தவில்லை. நீயாகத்தான் போனாய்.

யேசுரட்ணம்


தெஹிவளை
2025 மே 18

அண்ணனுக்கு,

நானாகப் போனேனா? நல்ல ஞாபகம் உங்களுக்கு.

அன்று பின்னேரம் மழை. இறம்பொடையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன். என் புருஷன் அடித்த அடியில் இடது கையைத் தூக்க முடியவில்லை, பையைத் தனுஜாதான் சுமந்து வந்தாள். உங்கள் கதவைத் தட்டினேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை, ஜன்னலால் பேசினீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுதட்டுமா? "இப்பவே திரும்பிப் போயிரு பவுலினு. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணம், புருஷன விட்டுட்டு வந்தவ வீட்ல இருந்தா மாப்பிள்ள வீட்ல என்னா நெனப்பாங்க?" ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். பாதர்தான் சிஸ்டர்மாரிடம் சொல்லித் தனுஜாவுக்கு இடம் எடுத்துக் கொடுத்தார், எனக்குக் கொழும்பில் வேலை தேடித் தந்தார். இது அழுதுகொண்டு எழுதுகிற கடிதம் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன், அதுதான் எழுத்து சாய்ந்திருக்கிறது.

இனி இறைச்சிக்கு வருகிறேன். டெல்சி அண்ணி பாவம். நீங்கள் செய்தது ஸ்டேக் இல்லை, இறைச்சித் தூள். அந்த ஈரம் வெளியே போகக் கூடாது, அண்ணா. அதுதான் அதன் உயிர். வெளியே மொறுமொறுப்பாக ஒரு தோல் பிடித்திருக்க வேண்டும், உள்ளே ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ரோஜாப்பூ நிறத்தில் இருக்க வேண்டும், வெட்டினால் சாறு தட்டில் ஓடாமல் இறைச்சிக்குள்ளேயே நிற்க வேண்டும். நோனா லண்டனில் சாப்பிட்டதை அப்படித்தான் சொன்னார். எனக்கு ஒன்று சரியானால் மற்றது கெடுகிறது. தோல் பிடிக்கிற அளவுக்குச் சூடு வைத்தால் உள்ளே சாம்பல் ஆகிவிடுகிறது. உள்ளே பதமாக எடுத்தால் வெளியே வெளிறிப்போய் நனைந்த துணி மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்ணி கேக்கை நூற்றெண்பதில் வைப்பார்கள், அது எனக்குத் தெரியும். உங்கள் டிரையர் இருநூறு என்கிறீர்கள். அத்தனை பெரிய இயந்திரத்துக்கும் ஒரு கேக்குக்கும் இருபது டிகிரிதான் வித்தியாசமா? எனக்கு விளங்கவில்லை.

இன்னும் நாலு கிழமைதான் இருக்கிறது.

பவுலின்


நோர்வூட்
2025 மே 25

பவுலினுக்கு,

உன் கடைசிக் கேள்வியை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். டிரையரின் சூட்டு மானியைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிற முகம் அது. முள்ளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியின் கீழ் மூலையில் எஃப் என்று ஒரு சின்ன இங்கிலீஷ் எழுத்து. பெக்டரி கிளாக்கர் கஜேந்திரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது பாரன்ஹீட் அண்ணே. வெள்ளக்காரன் வச்ச கணக்கு" என்று போனில் தட்டிப் பார்த்தார். "ஒங்க இருநூறு, கேக் அடுப்பு செல்சியஸ்ல தொண்ணூத்தி மூணு" என்றார்.

தொண்ணூற்று மூன்று. தண்ணீர் கொதிக்கிற சூடுகூட இல்லை, பவுலின்! அந்தச் சூட்டிலா நான் மலை மலையாகக் கொழுந்தைக் காயவைத்தேன்? நான் ஏதோ நரகத்து வாசலில் நிற்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். மிதமான காற்று, ஆனால் விடாமல், எல்லாப் பக்கமும் சமமாக. அவ்வளவுதான் அதன் பலம். கஜேந்திரன் போன பிறகும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. டிரையருக்குள் சூடு கூடிவிட்டால் கொழுந்தின் வெளித்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே ஈரம் அடைபட்டுப் போகும். எங்களுக்கு அது பெரிய குற்றம். உனக்கு அதுதானே வேண்டும்? ஆனால் நீ அதை முதலில் செய்கிறாய். கடைசியில் செய்து பார்.

நான் சொல்வது இதுதான். முதல் நாளே இறைச்சியில் உப்புத் தடவி, மூடாமல், கம்பித் தட்டில் வைத்து பிரிட்ஜுக்குள் விட்டுவிடு. நாங்கள் கொழுந்தை இரவெல்லாம் விரித்து வாட்டுகிறோமே, அதே மாதிரி மேல் ஈரம் போகட்டும். வாடாத கொழுந்து ரோலரில் நசுங்கிச் சாறு விடும், இறைச்சிக்கும் அப்படித்தான் இருக்கும். அடுத்த நாள் ஓவனை நம்முடைய இருநூறில் வை, அதாவது அவர்களுடைய தொண்ணூற்று மூன்றில். அந்தக் கம்பித் தட்டோடேயே வை, கீழாலும் காற்றுப் போக வேண்டும். அவசரப்படாதே, முக்கால் மணிக்கு மேல் ஆகும். உள்ளே பதமானதும் வெளியே எடு. அதற்குப் பிறகு இரும்புத் தாச்சிச் சட்டியைப் புகை வருகிற மட்டும் காயவைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம். தோல் பிடித்துவிடும், உள்ளே சூடு இறங்க நேரமிருக்காது.

இறக்கினதும் அடுக்கி வைக்காதே, மூடி வைக்காதே. டிரையர் வாயிலிருந்து விழுகிற தூளை நாங்கள் குவித்து வைக்க மாட்டோம், பரத்தி ஆறவைப்போம். குவித்தால் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். நீ சூடாகக் கொடுக்க வேண்டும் என்று மூடி வைத்திருப்பாய். வைத்தாயா இல்லையா?

இதை நான் செய்து பார்க்கவில்லை. செய்யவும் முடியாது. தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டு சோலைமலை அண்ணன்தான் கோயில் தலைவர். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை இந்த லயத்து வரிசையில் நம் வீட்டிலும் கருவாடு வாசம்கூட வராது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நம் கிறிஸ்மசுக்கு அவர்கள் ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்வார்கள். ஆகவே நீதான் செய்து பார்க்க வேண்டும்.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

யேசுரட்ணம்


தெஹிவளை
2025 மே 31

அண்ணா,

மூடித்தான் வைத்தேன்! மூன்று தரமும்! வெள்ளித் தாளால் இறுக்கிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். தெஹிவளைக் குசினியில் நான் செய்தது நோர்வூட்டில் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நேற்று நோனா வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். முதல் நாளே ஒரு துண்டுக்கு உப்புப் போட்டு வாட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் மேலே கறுஞ்சிவப்பாக, தொட்டால் விரலில் ஒட்டாமல் இருந்தது. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். ஓவனைத் தொண்ணூற்று மூன்றில் வைக்கவும் பயம். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், வெயிலில் நிற்கிற மாதிரித்தான் இருந்தது. இதில் என்ன வேகும் என்று உங்களைக் கொஞ்சம் திட்டினேன், சொல்லிவிடுகிறேன். நோனாவிடம் இறைச்சிக்குள் குத்திச் சூடு பார்க்கிற ஊசி இருக்கிறது. முள் அசைவேனா என்றது. இருபது, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. பதத்துக்கு வேண்டிய ஐம்பது வர ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. வெளியே எடுத்தால் பார்க்கச் சகிக்கவில்லை, வெளிறிப்போய்க் கிடந்தது. தாச்சியில் போட்டேன். அண்ணா, அந்தச் சத்தம்! ஒரு நிமிஷத்தில் தங்கத் தோல், இன்னும் ஒரு நிமிஷத்தில் மறுபக்கம். குசினி முழுக்க ஒரு வாசம், பெயர் சொல்லத் தெரியவில்லை. எடுத்துத் திறந்தபடி பலகையில் வைத்தேன். எட்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அதுபோல நீளமான எட்டு நிமிஷம் இல்லை.

வெட்டினேன். உள்ளே ஒரே நிறம். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ரோஜா நிறம், ஒரு சொட்டுச் சாறுகூடப் பலகையில் இல்லை. நான் கத்தியை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனேன். சிரிக்காதீர்கள், பயந்துதான் போனேன். என் கையால் நடந்தது என்று நம்ப முடியவில்லை. நற்கருணை வாங்கப் போகிற ஆள் மாதிரி தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன், ஏன் என்று எனக்கே தெரியாது. பிறகு நின்றபடியே சாப்பிட்டேன். வெறும் உப்பும் மிளகும்தான். நாற்பத்து நாலு வருஷமாக நான் இறைச்சி என்று நினைத்துச் சாப்பிட்டதெல்லாம் மிளகாய்த்தூள்தான் போலிருக்கிறது.

ஆனால் ஒரு வில்லங்கம். இது நோனாவின் புது ஓவன், நம்பர் எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். கந்தப்பளை பங்களாவில் இருப்பது பழைய கேஸ் ஓவன். போட்டோ அனுப்பியிருந்தார்கள். திருகுகிற குமிழில் நம்பரெல்லாம் தேய்ந்து அழிந்து போயிருக்கிறது. எது தொண்ணூற்று மூன்று என்று யாருக்குத் தெரியும்? விருந்துக்கு இரண்டு நாள் முந்தித்தான் என்னை அங்கே கூட்டிப்போவார்கள். இத்தனை தூரம் வந்து அந்தக் குமிழில் தோற்றுப்போவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஜன்னலுக்குப் பதில் எழுத முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பல தரம் வாசித்தேன்.

பவுலின்


நோர்வூட்
2025 ஜூன் 8

தங்கச்சி பவுலினுக்கு,

நேற்று எனக்கு ஓய்வு நாள். கந்தப்பளைக்குப் போய்வந்தேன்.

டெல்சியிடம் ஓவனுக்குள் தொங்கவிடுகிற ஒரு சின்னச் சூட்டு மானி இருக்கிறது. அதை ஒரு துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டன், நுவரெலியா என்று மாறி மாறிப் போனேன். பங்களாவில் காவலுக்கு இருப்பவர் வேலாயி என்ற ஒரு அம்மா. முதலில் உள்ளே விடவில்லை. "ஓவனுக்குக் காய்ச்சல் பாக்க வந்தேன்மா, என் தங்கச்சி இங்க சமைக்கப் போறா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தேத்தண்ணியே ஊற்றிக் கொடுத்தார்.

நாலு மணித்தியாலம் அந்த ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குமிழை ஒரு மயிரிழை திருப்புவேன், கால் மணித்தியாலம் பொறுப்பேன், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். கிழட்டு ஓவன்தான், ஆனால் நேர்மையான ஓவன். ஒரு தரம் காட்டிய சூட்டை மறுதரமும் காட்டியது. டெல்சியின் நகப்பூச்சையும் கொண்டுபோயிருந்தேன். நம்முடைய இருநூறு வருகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். பின்பக்கம் இடது மூலையில் சூடு அதிகம், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வை. குசினி ஜன்னலால் பனிக்காற்று வருகிறது, சமைக்கும்போது அதைச் சாத்திவிடு. இரும்புத் தாச்சி கனமானது, நல்லது.

பின்னால் இருக்கிற வீட்டையும் வேலாயி அம்மா திறந்து காட்டினார். இரண்டு அறை. ஒரு அறையில் கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்தது, ஏறி அடைத்துவிட்டேன். மற்ற அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை வைக்க இடமிருக்கிறது. தனுஜா படிக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பவுலின், நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நீயாகப் போனாய் என்று ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி அதை நம்பியும்விட்டேன். என் பிள்ளையின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார், "ஒங்க தங்கச்சி எங்க, காணோமே?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு குறையும் சொல்லவில்லை. அன்றைக்கே உன்னைத் தேடி வந்திருக்க வேண்டும். வெட்கத்தில் வரவில்லை. வெட்கம் கூடக்கூட நாளும் கூடியது. நான் செய்தது பாவம். என்னை மன்னித்துக்கொள்.

இன்னொன்று. 15ஆம் திகதி எப்படி நடந்தாலும், நோனா என்ன சொன்னாலும், நீயும் தனுஜாவும் இங்கே வந்து இருக்கலாம். நேற்று டெல்சி முன்னறையை ஒதுக்கிவிட்டாள். பரிதாபத்தில் சொல்லவில்லை. அப்பா பெயரில் இருந்த வீடு, உனக்கும் உரியது.

உன் அண்ணன்
யேசுரட்ணம்


கந்தப்பளை
2025 ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் சிவப்புப் பொட்டைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் பங்களாவின் கண்ணாடி ஜன்னலையும் பூந்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குசினியில் அந்தக் குமிழுக்கு முன்னால் நின்றேன். என் அண்ணன் இந்த வயதில் மூன்று பஸ் மாறி வந்து, ஒரு பழைய ஓவனுக்கு முன்னால் நாலு மணித்தியாலம் குந்தியிருந்திருக்கிறார். வேலாயி அம்மா எல்லாம் சொன்னார். கூரையில் ஏறினபோது சறுக்கி விழப் பார்த்ததையும் சொன்னார். அதை நீங்கள் எழுதவில்லை.

நேற்று மத்தியானம் விருந்து. எட்டுத் துண்டு. சனிக்கிழமையே உப்புப் போட்டு வாட்டினேன். குமிழைப் பொட்டுக்கு நேரே வைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், பாதியில் தட்டைத் திருப்பினேன். ஊசி ஐம்பதுக்கு வருகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கேஸ் சுவாலை ஆடியது, எனக்கு உயிரே ஆடியது. ஆனால் சூடு நின்றது. இரண்டு இரண்டாகத் தாச்சியில் போட்டு எடுத்து, ஒன்றோடொன்று முட்டாமல் பலகையில் பரத்தி வைத்தேன். உங்கள் தூள் மாதிரி. நோனா எட்டிப் பார்த்து, ஆறிப்போகாதா, மூடி வையுங்கள் என்றார். "இல்ல நோனா, மூடக்கூடாது" என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் இல்லை என்று சொன்ன முதல் தரம்.

தட்டுகள் உள்ளே போயின. முதலில் பேச்சுச் சத்தம், சிரிப்பு, கிளாஸ் சத்தம் எல்லாம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கத்தி தட்டில் படுகிற சத்தம் மட்டும். நன்றாயில்லையோ என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வயதான வெள்ளைக்காரர், கையில் தன் தட்டோடு, குசினிக்கே வந்தார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், பாதி விளங்கவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது, அது விளங்கியது. அண்ணா, சாப்பாட்டுக்கு இப்படி ஒரு வல்லமை இருக்கிறதா? நாங்கள் வயிற்றை நிரப்பத்தான் சமைத்தோம்.

பின்னாலேயே நோனா வந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். எந்த ஹோட்டலில் வேலை என்றார். டீ பெக்டரியில் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலை எனக்குத்தான். தனுஜா வெள்ளிக்கிழமை விடுதியிலிருந்து வருகிறாள். நுவரெலியாவில் பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. இனி அவளுடைய சட்டை அளவு எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். முழுவதும் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் பொய். சில நேரம் கொடுத்த மாதிரி இருக்கிறது, சில நேரம் அந்த மழை திரும்ப வருகிறது. ஆனால் நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நீங்களே இன்னும் ருசி பார்க்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் தங்கச்சி
பவுலின்


நோர்வூட்
2025 ஜூன் 23

அன்புள்ள பவுலினுக்கு,

நேற்று உன் வீட்டில் நான் சரியாகப் பேசவில்லை. நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் மாறவே இல்லை என்று நினைத்திருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் துண்டை வாயில் வைத்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. முப்பத்தொரு வருஷமாக ஈரத்தை விரட்டுவதுதான் என் தொழில். அதே சூடு ஈரத்தை இப்படிப் பத்திரமாகக் காத்துவைக்கும் என்று எனக்குத் தெரியாது. கடவுள் ஒரே நெருப்பில் இரண்டையும் வைத்திருக்கிறார். இன்று காலை டிரையருக்கு முன்னால் நின்றபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கஜேந்திரன்கூட, "என்னா அண்ணே, மெசினப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்றார்.

இன்னொரு விஷயம் உனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவில் நீ டெல்சியைக் கூட்டிக்கொண்டு மரக்கறித் தோட்டம் காட்டப் போனாய். மேசையில் நானும் தனுஜாவும் மட்டும். அவள் அதுவரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. என்ன வளர்த்தி, அச்சு அசல் நம் அம்மாவின் நெற்றி. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து இறைச்சிப் பலகையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு நீங்க கதவத் தொறக்கல மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். கோபமே இல்லாத குரலில், கணக்குப் பாடத்தில் விடை சொல்கிற மாதிரி சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

பலகையை என் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்தாள். பிறகு, "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வைம்மா" என்றேன்.

அண்ணன்
யேசுரட்ணம்